எட்டு வாரம் ட்ரெய்னிங்கா, நாளைக்கே கிளீனர் வேலையா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 37 வயசு, கோலாலம்பூர் செந்தூல்ல ஃபிளாட்டுல இருக்கோம். ஃபோம் த்ரீயோட படிப்ப நிறுத்திட்டேன். கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு வருஷம் ஃபேக்டரியில ஆப்பரேட்டர், அப்புறம் 12 வருஷமா வீடுதான். வீட்டுக்காரர் ஒரே கம்பெனியில 11 வருஷம் லோரி ஓட்டுனாரு, பத்து மாசத்துக்கு முன்ன ஸ்ட்ரோக் வந்துருச்சு. இப்ப கைத்தடி வச்சு நடக்கறாரு, எடது கை இன்னும் சரியா தூக்க முடியல. வேலை இடத்துல அடிபட்டாதான் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கெடைக்கும்னு சொன்னாங்க, அதனால ஒண்ணுமே மனு போடல. மகன் தமிழ்ப்பள்ளியில ஸ்டாண்டர்ட் ஒன். ரெண்டு இன்டர்வியூ போனேன், 12 வருஷமா என்ன செஞ்சீங்கன்னு கேட்டதும் எனக்கு வாயே வரல. இப்ப ஒரு தொண்டு நிறுவனத்துல எட்டு வாரம் ஃப்ரீயா வேலைப் பயிற்சி குடுக்கறாங்க, கோச்சிங்கும் உண்டாம். நாத்தனார் என்னடான்னா எட்டு வாரம் சம்பளம் இல்லாம உக்காந்து என்ன பண்ணப் போற, நாளைக்கே ஆபீஸ் கிளீனிங் வேலை இருக்கு, வான்னு கூப்பிடறாங்க. இன்னொருத்தர் 800 வெள்ளி (ரிங்கிட்) கட்டுனா நல்ல வேலை கண்டிப்பா வாங்கித் தரேன்னு சொல்றாரு. நான் எதுக்குத்தான் போறது? இன்டர்வியூவுக்கு பஞ்சாபி சூட் போட்டுட்டுப் போனா தப்பா நினைப்பாங்களா?

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். நீங்க கேட்டிருக்கறது வேலையப் பத்தி, ஆனா எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது நடுவுல போற போக்குல எழுதியிருக்கீங்களே, வேலை இடத்துல அடிபட்டாதான் சொக்சோன்னு, அந்த வரிதான். அது தப்பும்மா. உங்க வேலை விஷயத்துக்கு அப்புறம் வரேன், இத மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா இதுக்கு நாள் ஓடிக்கிட்டு இருக்கு.

சொக்சோ, அதான் இப்ப பெர்கேசோன்னு சொல்றோமே, அதுல ரெண்டு வேற வேற பாதுகாப்பு இருக்கு. ஒண்ணு வேலை இடத்துல, இல்லாட்டி வேலைக்குப் போற வர்ற வழியில அடிபட்டா. இன்னொண்ணு இலாட் பென்சன், நோயால வேலை செய்ய முடியாமப் போனவங்களுக்கு. வீட்ல படுத்திருக்கும்போது ஸ்ட்ரோக் வந்திருந்தாலும் அது சேரும், நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. வயசு 60க்குள்ள இருக்கணும், டாக்டருங்க குழு பாத்து இவரால இனிமே பழையபடி சம்பாதிக்க முடியாதுன்னு சொல்லணும், சந்தா கட்டியிருக்கணும். அந்த சந்தா கணக்குலதான் விஷயம் இருக்கு. மனு போடற மாசத்துக்கு முந்தின 40 மாசத்துல 24 மாசம் சந்தா ஏறியிருக்கணும். அவரு பத்து மாசமா வேலைக்குப் போகல, கம்பெனி ஒழுங்கா கட்டியிருந்தா உங்க கையில இப்ப 30 மாசம் இருக்கு. இன்னும் ஏழெட்டு மாசம் சும்மா இருந்தீங்கன்னா 24 கூட தேறாது. அதுக்கப்புறமும் வேற ஒரு கணக்கு இருக்கு, பதினோரு வருஷம் வேலை செஞ்சவருக்கு அதுல வழி இருக்கலாம், ஆனா எதுக்கு அது வரைக்கும் இழுக்கணும்?

கெடச்சா சராசரி சம்பளத்துல 50லேர்ந்து 65 விழுக்காடு வரைக்கும் மாசா மாசம் வரும். கூடவே ஒரு ஆள் இருந்து பாத்துக்கணும்னு டாக்டர் எழுதிக்குடுத்தா அதுக்குத் தனியா ஒரு அலவன்ஸும் உண்டு. ஒருவேளை டாக்டருங்க இல்ல, இவரு தேறிடுவாருன்னு சொன்னாங்கன்னு வைங்க, அதுவும் கெட்ட செய்தி இல்ல. 2007லேர்ந்து பெர்கேசோ ரிட்டர்ன் டு வொர்க்னு ஒரு திட்டம் நடத்துது, ஃபிசியோதெரபி செஞ்சு, செய்யக்கூடிய வேலையா பாத்து, திரும்ப வேலைக்கு அனுப்பற வரைக்கும் ஒரு ஆபீசர் கூட இருந்து கவனிப்பாரு. பக்கத்துல இருக்கற பெர்கேசோ ஆபீசுக்குப் போங்க. அவரோட ஐ.சி (அடையாள கார்டு), ஹாஸ்பிட்டல் ரிப்போர்ட், பேங்க் புக், கடைசியா வாங்குன பே ஸ்லிப் இத்தனையும் எடுத்துக்குங்க. அப்படியே அவரோட சந்தா எத்தன மாசம் ஏறியிருக்குன்னு கவுண்டர்ல கேட்டு வாங்கிடுங்க, ஏதாவது மாசம் விட்டுப்போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சுடும்.

வேலைக்கு வழி கேட்டா இவங்க ஏன் புருஷன் பென்சனப் பத்தி பேசறாங்கன்னு நினைக்காதீங்க. நான் 19 வருஷமா ஜாப் கோச்சா இருக்கேன், அதாவது புதுசா வேலைக்குப் போறவங்க கூட இருந்து கைகொடுக்கற ஆளு, வேலைக்குப் போன மூணாம் வாரம் நிறுத்திட்டு வந்த பொம்பளைங்க எத்தன பேரப் பாத்திருக்கேன், அதுல வேலை தெரியாம வந்தவங்க ரொம்ப கொஞ்சம். வீட்ல ஏதோ ஒரு ஓட்டை அடைபடாம இருந்துச்சு, அதான் வந்தாங்க. புருஷனுக்கு மருந்து யாரு குடுக்கறது, பிள்ளைய யாரு கூப்பிட்டு வர்றது, மொத மாச சம்பளம் வர்ற வரைக்கும் பஸ்ஸுக்கு என்ன பண்றது. வேலைப் பயிற்சி குடுக்கற நல்ல இடம் எதுவா இருந்தாலும் மொத நாள் உங்கள உக்கார வச்சு இதத்தான் கேக்கும். உங்க ரிசல்ட் ஸ்லிப்ப மட்டும் கேட்டுட்டு கிளாசுக்கு அனுப்பற இடமா இருந்தா எனக்கு அதுல அவ்வளவா நம்பிக்கை கெடையாது.

800 வெள்ளி கேக்கறவர்கிட்ட ஒரு காசு குடுக்காதீங்க. ஆளுக்கு வேலை பிடிச்சுக் குடுக்கற ஏஜென்ட்டுக்கு லைசன்ஸ் வேணும்னு 1981லயே சட்டம் வந்துருச்சு, ஜாபத்தான் தெனாகா கெர்ஜா, அதான் தொழிலாளர் இலாகா, அதுதான் அத குடுக்கறது, லைசன்ஸ் காட்டச் சொல்லுங்க, அதுக்கப்புறம் அவரு உங்க போனையே எடுக்க மாட்டாரு. பெர்கேசோவோட மைஃபியூச்சர்ஜாப்ஸ்ங்கற வேலை தேடற வெப்சைட்ல பேர் பதியறது ஃப்ரீ, தொண்டு நிறுவனங்கள்லயும் ஃப்ரீ. வேலை தேடறவங்ககிட்ட முன்பணம் வாங்கறவங்கள எனக்குக் கண்டாலே ஆகாது, ஏன்னா அது எப்பவும் இல்லாதவங்க கையிலேர்ந்துதான் போகுது.

இப்ப எட்டு வாரமா, கிளீனிங்கா. என்னோட பதில் அந்த நிறுவனத்துகிட்ட நீங்க கேக்க வேண்டிய ஒரு கேள்வியில இருக்கு. வேலை கெடச்சதுக்கப்புறம் எத்தன மாசம் என்கூட இருப்பீங்க? இத மட்டும் கேட்டுப் பாருங்க. எங்க பயிற்சி முடிஞ்சதும் சர்டிஃபிகேட் குடுப்போம், கம்பெனி பேரு நாலு குடுப்போம், அதுக்கப்புறம் உங்க திறமைன்னு சொன்னாங்கன்னா, எட்டு வாரம் சம்பளம் இல்லாம அங்க போய் உக்கார்றத நான் சொல்ல மாட்டேன். மூணு மாசம், ஆறு மாசம் போன் பண்ணுவோம், வேலை இடத்துக்கு எங்க ஆள் வருவாங்க, உங்க சூப்பர்வைசர்கிட்டயும் பேசுவோம்னு சொன்னாங்கன்னா, தாராளமா போங்க, நாத்தனார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

ஏன் இத இவ்வளவு பிடிச்சுக்கறேன்னா, ஜாப் கோச்ங்கற வேலையே அப்படித்தான் பொறந்துச்சு. இது மொதல்ல ஓகேயு ஆளுங்களுக்காக, அதாவது மாற்றுத்திறனாளிங்களுக்காக வந்தது. முன்னெல்லாம் அவங்கள ஒரு பட்டறையில வச்சு பழக்குவாங்க, நல்லா பழகினதும் வெளிய வேலைக்கு அனுப்பலாம்னு, பழகுவாங்க பழகுவாங்க வருஷக்கணக்கா பழகுவாங்க, அந்த அனுப்பற நாள் மட்டும் வரவே வராது. 1980கள்ல அமெரிக்காவுல இத திருப்பிப் போட்டாங்க. மொதல்ல நெஜமான வேலை, அப்புறம் அந்த வேலை இடத்துலயே பழக்கம், கூட ஒரு ஆள் நின்னு சொல்லிக் குடுக்கறது, அவங்க தேறத் தேற அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கிக்கறது. நம்ம நாட்டுல 2000த்துக்கு அப்புறம் ஜப்பான் அரசாங்கத்தோட உதவி அமைப்பான ஜைக்கா உதவியோட ஜாப் கோச் பயிற்சி ஆரம்பிச்சாங்க, இப்ப பெர்கேசோவும் இந்த சேவைய வச்சிருக்கு. ஓகேயு ஆளுங்களுக்கு சரிவந்தது ரொம்ப வருஷம் வீட்ல இருந்துட்டு வர்ற அம்மாமாருக்கும், ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த பையன்களுக்கும் அப்படியே சரிவருது, இத நான் கண்ணால பாத்தேன்.

ஒரு அக்கா கதை சொல்றேன். ஜாலான் ஈப்போ பக்கம், 44 வயசு, இருவது வருஷம் சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவினவங்க. ஒரு ஹோட்டல் லாண்டிரியில வேலை கெடச்சுது, நல்ல சம்பளம், அவங்களுக்கும் வேலை பிடிச்சிருந்துச்சு. ஒம்போதாவது நாள் வரல. போன் அடிச்சா எடுக்கல. நான் வீட்டுக்கே போய்ட்டேன். ரொம்ப நேரம் உடம்பு சரியில்லன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, தேத்தண்ணி குடிச்சு முடிச்சதுக்கப்புறம்தான் சொன்னாங்க. அங்க வேலைக்கு வந்ததும் போறதும் விரல் வச்சு பதியற மெஷினாம், இவங்க விரல் அதுல ஏறவே இல்லயாம். சோப்புத் தண்ணியில ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. பின்னால பத்து பேரு வரிசையில நிக்கறாங்க, இவங்க திருப்பித் திருப்பி விரல வைக்கறாங்க, மெஷின் பீப் பீப்னு கத்துது. பதிவு ஏறலன்னா சம்பளமும் வராதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, யார்கிட்டயும் கேக்க வெக்கம், வந்துட்டாங்க. மறுநாள் நான் கூட போய் மேனேஜர்கிட்ட சொன்னேன், அவருக்கு இப்படி ஒண்ணு நடக்கறதே தெரியல, அஞ்சே நிமிஷத்துல விரலுக்குப் பதிலா ஒரு கார்டு குடுத்துட்டாரு. இப்ப அதே லாண்டிரியில ஆறு வருஷம் ஆச்சு. எட்டு வாரம் இல்ல, எட்டு மாசம் ட்ரெய்னிங் குடுத்திருந்தாலும் அந்த மெஷின் விஷயம் எந்த கிளாஸ்லயும் வந்திருக்காது தங்கச்சி.

அதனால அந்த நிறுவனத்துக்குப் போனீங்கன்னா கூச்சப்படாம எல்லாத்தையும் கேளுங்க. பயிற்சி முடிஞ்சா எந்த மாதிரி வேலை, எந்த முதலாளிங்க வழக்கமா ஆள் எடுக்கறாங்க, பஸ் காசு குடுப்பீங்களா, பிள்ளைக்கு உடம்பு முடியாம ஒரு நாள் வரலன்னா பேர வெட்டிடுவீங்களா, போன பேட்ச்ல படிச்ச ஒரு அக்காகிட்ட நான் பேசலாமா. கடைசி கேள்விக்கு அவங்க முகத்தப் பாருங்க, நல்லா செய்யறவங்க உடனே போன் நம்பர தேட ஆரம்பிப்பாங்க.

பயிற்சி முடிவுல எஸ்.கே.எம், அதான் மலேசியத் திறன் சர்டிஃபிகேட், வருமான்னும் கேளுங்க. ஜே.பி.கே (திறன் மேம்பாட்டு இலாகா) அங்கீகாரம் உள்ள இடத்துலதான் அது கெடைக்கும். எஸ்.பி.எம் (ஃபோம் ஃபைவ் பரீட்சை) இல்லாட்டியும் முதல் நிலையில சேரலாம், மலாய் எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும், அங்கேர்ந்து ரெண்டு மூணுன்னு ஏறலாம், நாலாவது நிலைக்கு டிப்ளமான்னே பேரு. எட்டு வார பயிற்சியில இது வர்றது கஷ்டம், இல்லன்னாலும் அதுக்காக வேணாம்னு சொல்லிடாதீங்க, பின்னால பாத்துக்கலாம்.

பிள்ளை விஷயம். எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க, விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கற இடத்துக்கு) போயாகணும், நாங்க மூணு பேரும் அரைத் தூக்கத்துல ஆயா கொட்டாய்க்குப் போயிடுவோம். ஆயா பாலு ஆத்திக் குடுப்பாங்க, நாங்க அங்கயே கெடப்போம். எங்கம்மா எப்படி மூணு பிள்ளைய வச்சுக்கிட்டு வேலைக்கும் போனாங்கன்னு சின்ன வயசுல ஆச்சரியப்படுவேன், வளந்ததுக்கப்புறம்தான் புரிஞ்சுச்சு, அந்தக் கொட்டாய் இருந்துச்சு, அதான் போனாங்க. தோட்டத்த துண்டாடி வித்தப்ப நம்ம சனங்க வீட்டையும் வேலையையும் இழந்தாங்கன்னு எல்லாரும் பேசறோம், ஆயா கொட்டாயும் அதோட போச்சுன்னு யாரும் பேசறதில்ல. ஃபிளாட்டுல பதினேழு மாடி இருக்கு, பிள்ளைய ரெண்டு மணி நேரம் விட்டுட்டுப் போக ஒரு இடம் இல்ல. நீங்க 12 வருஷம் வீட்ல இருந்தது சோம்பேறித்தனம்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும்.

மகன் ஒரு மணி போல பள்ளி விட்டு வருவான், வேன் அங்கிள் கீழ வரைக்கும் கொண்டுவந்து விடுவாரா பாருங்க. மேல வீட்ல அப்பா இருக்காரு. கைத்தடி வச்சு நடக்கறவருதானே, லிஃப்ட்ல எறங்கி வந்து மகன கூப்பிட்டுப் போக முடியுமான்னு அவரையே கேளுங்க. அவர பாவம்னு நினைச்சு எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுக்காதீங்க, பதினோரு வருஷம் லோரி ஓட்டுன மனுஷனுக்கு வீட்ல ஒரு பொறுப்பு வேணும், பல வீட்ல பாத்திருக்கேன், பிள்ளைய பாத்துக்கற வேலை வந்ததும் ஆளு ஃபிசியோவுக்கே ஒழுங்கா போவாரு. அவரால முடியாத நாளுக்கு பள்ளிக்கூடம் பக்கத்துல ட்ரான்சிட் (பள்ளி விட்டதும் பிள்ளைங்கள பாத்துக்கற இடம்) எங்க இருக்கு, எவ்வளவுன்னு இப்பவே விசாரிச்சு வைங்க. வேலைல சேந்ததுக்கப்புறம் நேரம் ஒத்து வரலன்னா, 2023 ஜனவரி 1லேர்ந்து சட்டத்துல ஒரு வழி இருக்கு, வேலை நேரத்தையோ நாளையோ மாத்திக் கேட்டு எழுத்துல மனு குடுக்கலாம், முதலாளி 60 நாளைக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். அவரு ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பதில் சொல்லாம இருக்க முடியாது.

இன்டர்வியூவுல வாயே வரலன்னு எழுதியிருந்தீங்க, அது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. உங்களுக்கு பதில் இல்லாம இல்ல, சொல்லிப் பழகல, அவ்வளவுதான். பத்து மாசமா ஒரு ஸ்ட்ரோக் நோயாளிய கட்டில்லேர்ந்து எழுப்பி உக்கார வச்சு, நேரத்துக்கு மருந்து குடுத்து, பிரஷர் பாத்து எழுதி வச்சு, கை கால் எக்சர்சைஸ் செய்ய வச்சிருக்கீங்க. வயசானவங்க இல்லத்துல இந்த வேலைக்குத்தான் ஆள் தேடறாங்க. உங்களுக்கு அந்தப் பக்கம் மனசு போகுமான்னு யோசிச்சுப் பாருங்க, வீட்லயும் அதே வேலை வெளியிலயும் அதே வேலையான்னு அலுப்பா இருந்தா வேணாம், ஆனா சொல்லிக்க ஒண்ணும் இல்லன்னு மட்டும் நினைக்காதீங்க. மூணே வாக்கியம், மலாய்லயே, கண்ணாடி முன்ன நின்னு பழகுங்க: சுவாமி சாயா ஸ்ட்ரோக், சாயா யாங் ஜாகா டியா. செகாராங் டியா சுடா போலே ஜாலான். அனாக் பாலேக் செகோலா அடா ஓராங் ஜாகா, ஜாடி சாயா போலே மூலா கெர்ஜா. (வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக், நான்தான் பாத்துக்கிட்டேன். இப்ப அவரு நடக்கறாரு. பிள்ளை பள்ளி விட்டு வந்தா பாத்துக்க ஆள் இருக்கு, அதனால நான் வேலைய ஆரம்பிக்கலாம்.) அதுக்கு மேல விளக்கம் குடுக்க வேணாம், சிரிச்சுட்டு நிறுத்திடுங்க. ரொம்ப பேர் இங்கதான் கஷ்டத்தையெல்லாம் கொட்டி அழுதுடுவாங்க, எதிர்ல இருக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாமப் போயிடும். முதலாளிக்குத் தெரிய வேண்டியது நீங்க நாளைக்கு வருவீங்களான்னுதான்.

இனி நாத்தனார் சொன்ன வேலை. கிளீனிங் வேலைய நான் ஒரு நாளும் கொறச்சு பேச மாட்டேன், எங்க அக்கா அந்த வேலை செஞ்சுதான் ரெண்டு பிள்ளைய யூனிவர்சிட்டி அனுப்புனாங்க. வீட்ல இந்த மாசம் வாடகைக்கே காசு இல்லன்னா எட்டு வாரம் காத்திருக்க முடியாது, போங்க. ஆனா சேர்றதுக்கு முன்ன பே ஸ்லிப் குடுப்பீங்களான்னு கேளுங்க. 2025லேர்ந்து குறைஞ்ச சம்பளம் 1,700 வெள்ளி, வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல போனா ஓ.டி. இ.பி.எஃப்ல (ஊழியர் சேமநிதி) உங்க பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13, பெர்கேசோ சந்தாவும் பிடிச்சுக் கட்டணும். கையில காசு குடுத்துடறோம், பிடித்தம் எதுவும் இல்லன்னு இனிப்பா பேசுவாங்க, அதுக்கு மட்டும் தலையாட்டாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு ஒரு பென்சனுக்கு வழி இருக்குன்னா அது அவரோட சம்பளத்துல மாசா மாசம் பிடிச்ச அந்தச் சின்னக் காசாலதான். வேலைக்குப் போய்க்கிட்டே அந்த தொண்டு நிறுவனத்துகிட்ட சனி ஞாயிறுல வகுப்பு இருக்கா, இல்ல கோச்சிங் மட்டுமாவது கெடைக்குமான்னு கேளுங்க, நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க.

அடுத்த ரெண்டு மாசம் எப்படியோ ஓட்டிடலாம்னு இருந்தா, பயிற்சிக்கே போங்க. எனக்குத் தோணறது அதுதான். செந்தூல் தீமோர்லேர்ந்து எல்.ஆர்.டி ரயில் இருக்கு, மை50 கார்டு எடுத்துட்டா மாசத்துக்கு 50 வெள்ளி, எல்.ஆர்.டி எம்.ஆர்.டி ரேப்பிட் பஸ் எல்லாத்துக்கும் சேரும், கே.டி.எம் ரயிலுக்கு மட்டும் சேராது, மறந்து ஏறிடாதீங்க. பஸ் காசு குடுக்கறோம்னு சொன்னா இந்தக் கார்டாவே வாங்கித் தரச் சொல்லுங்க. வேலை கெடச்சதும் அங்க மொத வாரத்துலயே ஒரு ஆளப் பாத்து வைங்க, ரொம்ப நாளா இருக்கறவங்க, அவசரமில்லாம பேசறவங்க, சாப்பாட்டு நேரத்துல அவங்க பக்கத்துல உக்காருங்க, மலாய்க்காரரோ சீனரோ யாரா இருந்தாலும். நாங்க கோச்சா போனா மொத வேலையா அந்த ஆளத்தான் தேடுவோம், ஏன்னா நாங்க எப்பவும் கூட இருக்க முடியாது, அவங்க இருப்பாங்க.

பஞ்சாபி சூட் தாராளமா போட்டுட்டுப் போங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின் குத்திக்குங்க, ஃபோம் நிரப்பறப்ப வழுக்காம இருக்கும். செருப்பு வேணாம், மூடுன ஷூ போடுங்க, சில இடத்துல அன்னைக்கே உள்ள கூட்டிட்டுப் போய் வேலை இடத்த சுத்திக் காட்டுவாங்க. பெர்கேசோ கவுண்டர்ல எத்தன மாசம் சந்தா ஏறியிருக்குன்னு சொல்றாங்களோ, அந்தக் கணக்க எனக்கு எழுதுங்க, கொறஞ்சிருந்தா கம்பெனிகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு சேந்து பாப்போம்.